காற்றுப் பாய் கொள்முதல்: சுமப்பவர் யார், படுக்கும் இடம் எது?

தை பிறந்துவிட்டால் நமது பகுதிக் கடைக்காரர்களுக்கு இரண்டு பட்டியல்கள் கைக்கு வந்துவிடும். ஒன்று பொங்கல் சரக்கு. மற்றொன்று பழனிப் பாதயாத்திரைச் சரக்கு. வெல்லமும் பச்சரிசியும் விற்று முடிந்த கையோடு துண்டு, டார்ச் லைட், தண்ணீர்ப் பாட்டில், கால்வலித் தைலம், குளுக்கோஸ், பாய் என்று அடுத்த வியாபாரம் தொடங்கிவிடுகிறது. குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடி பல தலைமுறைகளாக நடந்து வருவதாகும். இன்று எல்லாச் சமூகத்தாரும் சாரை சாரையாக நடக்கிறார்கள். கோட்டையூர், காரைக்குடியிலிருந்து புறப்படுபவர் 150 கிலோமீட்டருக்கு மேல் நடந்தாக வேண்டும். இடையிலுள்ள இரவுகளை மடத்திலும், மரத்தடியிலும், பள்ளிக்கூட வராந்தாவிலும் கழிக்க வேண்டியிருக்கும். தைப் பனி வேறு தலையில் இறங்கும்.

கோரைப் பாயும் பிளாஸ்டிக் பாயும் விற்றுவந்த இந்த வியாபாரத்தில் சில ஆண்டுகளாக ஒரு மாற்றம் தெரிகிறது. "அண்ணே, காத்தடிக்கிற பாய் இருக்கா? சுருட்டினா சோடாப் பாட்டில் அளவுதான் இருக்குமாமே?" என்று கேட்டு வருகிறார்கள். செல்போனில் படத்தையும் காட்டுகிறார்கள். முதுகில் பை மாட்டிக்கொண்டு மலையேறும் இளைஞர்களுக்கென்று வெளிநாட்டில் உண்டான சரக்கு இது. இப்போது பாதயாத்திரைக்காரர்களும் கேட்கிறார்கள். இதைக் கடையில் வைக்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது என்று நமது சங்கத் தோழர்கள் பலரும் என்னிடம் விசாரித்தபடியால், நான் பட்ட நஷ்டத்தையும் அதில் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் கொடுத்த விலை

2019 தைப்பூசத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு மொத்தக் கடையில் 6 டஜன் காற்றுப் பாய் எடுத்தேன். அட்டைப்பெட்டியில் அழகான படம் போட்டிருந்தது. விலை ஒன்று 280 ரூபாய். ஒரே ஒரு பாயை அங்கேயே ஊதிக் காட்டினார்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தேன். திருப்தியாக இருந்தது. ஊருக்கு வந்து 350 ரூபாய் விலை வைத்தேன். பத்து நாளில் 53 பாய் விற்றுவிட்டது. இன்னும் 6 டஜனுக்கு ஆர்டர் போடலாமா என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பூசம் முடிந்து மூன்றாம் நாள் எங்கள் ஊர் ஆச்சி ஒருவர் கடைக்கு வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். மடித்த பாயைப் பெட்டியடியில் வைத்தார். கோபமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"தம்பி, நீ குடுத்த பாய் சிங்கம்புணரியிலேயே மூச்சை விட்டுருச்சப்பா. அதுக்கப்புறம் பழனி வரைக்கும் அதை நான்தான் தூக்கிக்கிட்டுப் போனேன்" என்றார்.

பணத்தை எடுத்து நீட்டினேன். "பணத்துக்கு வரலை. அடுத்த வருஷம் இதை வேற யாருக்கும் குடுத்துராதேன்னு சொல்லத்தான் வந்தேன். ராத்திரி பூரா மண்ணுல கிடந்தேன், இடுப்பு இன்னும் நிமிரலை" என்றார்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக 31 பாய்கள் திரும்பி வந்தன. அத்தனைக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டேன். போட்ட முதல் 20,160 ரூபாய். திரும்பாத 22 பாய்களுக்கு வந்தது 7,700 ரூபாய். ஆக நஷ்டம் 12,460 ரூபாய். விற்காமல் நின்ற 19 பாய்களை வெட்டி உப்பு மூட்டைகளுக்கு மேல் போர்த்திவிட்டோம்.

திரும்பிய 31 பாய்களையும் ஊதி, சைக்கிள் கடையில் டியூப் பார்ப்பதுபோல் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்தேன். 17 பாய்களில் ஓரத்து ஒட்டு விட்டிருந்தது. 9 பாய்களில் முள் குத்தியிருந்தது. 5 பாய்களில் காற்று அடைக்கும் மூடி சரியில்லை. அதாவது 22 பாய்கள் செய்த இடத்திலேயே பழுதானவை. கிட்டங்கியில் ஓர் இரவு ஊதிப் போட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். மிளகு வாங்கினால் கையில் அள்ளிப் பார்க்கிறோம், பருப்பு வாங்கினால் பல்லில் கடித்துப் பார்க்கிறோம். இதைப் படத்தைப் பார்த்து வாங்கிவிட்டேன். தவறு என்னுடையதுதான்.

கடைக்கு வரும் வகைகள் நான்கு

"காற்றுப் பாய்" என்று எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னாலும் சரக்கு ஒன்றல்ல. முதலில் வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வகை பி.வி.சி. பாய். நீச்சல் குளத்தில் மிதக்கவிடும் சாமான் செய்யும் அதே பிளாஸ்டிக்தான். பிரித்தவுடன் வாடை அடிக்கும். நாள்பட்டால் மடிப்பில் வெடிக்கும். நான் ஏமாந்தது இதில்தான். எங்கள் தராசில் ஒன்று 1 கிலோ 350 கிராம் நின்றது. மூன்றுக்கு ஆறடிக் கோரைப் பாயே 1 கிலோ 200 கிராம்தான் இருந்தது. ஆகவே இந்த வகையை எடை குறைந்தது என்று சொல்லி விற்பதே பொய்யாகும்.

இரண்டாவது வகை நைலான் அல்லது பாலியஸ்டர் துணியின் உட்புறம் டி.பி.யூ. என்ற பூச்சு ஏற்றிச் செய்த பாய். மலையேறுபவர்கள் சுமப்பது இதைத்தான். பையோடு சேர்த்து நான் நிறுத்த ஒரு பாய் 520 கிராம் இருந்தது. மிக உயர்ந்த ரகங்களில் 400 கிராமுக்குக் குறைந்ததும் உண்டு. அவற்றின் விலை நமது பகுதி வாடிக்கையாளருக்குக் கட்டுபடியாகாது.

மூன்றாவது வகை, உள்ளே ஸ்பாஞ்சு வைத்து மூடிய பாய். மூடியைத் திறந்தால் ஸ்பாஞ்சு விரிந்து தானே காற்றை இழுத்துக்கொள்ளும். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் போயிங் விமானக் கம்பெனி ஏராளமானவர்களை வேலையிலிருந்து நிறுத்தியது. அப்படி வேலை இழந்த ஜிம் லீ, நீல் ஆண்டர்சன் என்ற இரு பொறியாளர்கள் மலையேற்றத்தில் ஆர்வமுள்ளவர்கள். தோட்டவேலை செய்யும்போது முழங்காலுக்கு அடியில் வைக்கும் ஸ்பாஞ்சு அழுந்திக் காற்றை வெளியிடுவதைக் கவனித்து, அதையே காற்றுப் புகாத துணிக்குள் வைத்து மூடினால் என்ன என்று யோசித்தார்கள். மற்றொரு நண்பரையும் சேர்த்துக்கொண்டு 1972இல் கேஸ்கேட் டிசைன்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 'தெர்ம்-அ-ரெஸ்ட்' என்ற பெயரில் வந்த பாய் அதுதான். இவ்வகையில் ஓட்டை விழுந்தாலும் ஸ்பாஞ்சு மிஞ்சும் என்பது நன்மை. எடை சாதாரணமாக முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்கு மேலும் போகும்.

நான்காவது வகையில் காற்றே அடைக்க வேண்டியதில்லை. சின்னச் சின்னக் குமிழிகள் மூடியபடி இருக்கும் ஈ.வி.ஏ., எக்ஸ்.பி.ஈ. போன்ற ஃபோம் பாய். யோகா பாய் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். முட்டை அட்டைபோல் மேடுபள்ளமாக மடிகிற ரகம் அரைக் கிலோவுக்கும் குறைவாகவே வரும். முள் குத்தினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் மடித்தாலும் இடத்தை அடைக்கும். பைக்கு வெளியே கட்டித் தொங்கவிட வேண்டும்.

கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

வாடிக்கையாளர் வந்து காற்றுப் பாய் கேட்டவுடன் விலையைச் சொல்லாதீர்கள். இரண்டு கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: "பையை நீங்களே சுமக்கப் போகிறீர்களா, வண்டியில் வருமா?" பாதயாத்திரைக் குழுக்கள் பலவற்றில் படுக்கை, பாத்திரமெல்லாம் கூடவே வரும் வேனில் ஏறிவிடும். சுமை வண்டியில் போகும் பாய்க்கு அரைக் கிலோ எடை குறைந்து என்ன பயன்? அவருக்குக் கோரைப் பாயும் அதன் அடியில் விரிக்க ஒரு தார்ப்பாய்த் துண்டும் போதும். தரையின் ஈரம் ஏறாது, முள்ளுக்குப் பயமில்லை, விலையும் குறைவு. சொந்தத் தோளில் சுமப்பவர்தான் கிராம் கணக்குப் பார்க்க வேண்டியவர். சுமக்கும் மொத்தப் பாரம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மலையேறுபவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 12 கிலோ. தண்ணீரும் துணியும் போக மிச்சம் எவ்வளவு என்பதை அவரே கூட்டிக்கொள்வார்.

இரண்டாவது கேள்வி: "எந்த இடத்தில் படுப்பீர்கள்?" நமது வழியெல்லாம் சீமைக்கருவை. அதன் முள் செருப்பையே துளைக்கும். நெருஞ்சியும் உண்டு. திறந்தவெளியில் இரவு இருட்டில் இடம் தேடிப் படுப்பவருக்கு வெறும் காற்றுப் பாயைக் கொடுத்தால் அது முதல் இரவைக் கடப்பதே அவர் அதிர்ஷ்டம். அவருக்கு ஃபோம் பாய்தான் சரி. மண்டபத்திலும் மடத்திலும் சிமெண்ட் தரையில் படுப்பவர், இடுப்பு வலி உள்ளவர், பக்கவாட்டில் படுத்துப் பழகியவர் ஆகியோருக்குக் காற்றுப் பாய் உண்மையிலேயே சுகம் தரும். இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரம் இருப்பதால் இடுப்பும் தோளும் தரையில் படாது.

மலைக்குப் போகும் இளைஞர்களிடம் மூன்றாவதாக ஒன்றும் கேட்க வேண்டும். குளிர் எவ்வளவு? ஜனவரி இரவில் கொடைக்கானலில் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவதுண்டு. இமயமலைப் பக்கம் போனால் உறைநிலைக்கும் கீழே போகும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்த பிறகு நமது ஊர்ப் பிள்ளைகளும் ஆர்வமாக விசாரிக்கிறார்கள். காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடும் நடைக்குப் பாயே தேவையில்லை. அதையும் நாமே சொல்லிவிட வேண்டும். விற்காத பாயால் நஷ்டமில்லை.

'ஆர்' எண் என்றால் என்ன?

நல்ல பாயின் உறையில் 'ஆர் வேல்யூ' என்று ஓர் எண் இருக்கும். உடம்புச் சூடு தரைக்குப் போய்விடாமல் பாய் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. எண் கூடினால் குளிருக்குக் காப்பு கூடுதல்.

காற்று நிறைய இருந்தால் குளிராது என்று பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. பெரிய அறைகளாக இருக்கும் பாயினுள் காற்று அசைந்துகொண்டே இருக்கும். நமது உடம்புச் சூட்டை எடுத்துக் கீழே குளிர்ந்த தரையில் விட்டுவிடும். ஃபோமில் காற்று சின்னக் குமிழிகளுக்குள் அடைபட்டிருப்பதால் அசைவதில்லை. ஆகவே மெல்லிய ஃபோம் பாயே சில சமயம் மூன்றங்குலக் காற்றுப் பாயைவிடச் சூடாக இருக்கும். விலை உயர்ந்த காற்றுப் பாய்களில் உள்ளே பஞ்சையோ, சூட்டைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான தகட்டையோ வைத்து இந்தக் குறையைச் சரிசெய்கிறார்கள்.

நமது சமவெளிக்கு 1 முதல் 2 வரை இருந்தால் போதுமானது. கொடைக்கானல், மூணாறு போன்ற இடங்களில் வெளியில் படுக்க 2 முதல் 4 வரை வேண்டும். பனி உறையும் இடத்துக்கு 4க்கு மேல் பார்க்க வேண்டும். ஒரு பாயின் மேல் இன்னொன்றை விரித்தால் இரண்டின் எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம். 2 உள்ள ஃபோமின் மேல் 2 உள்ள காற்றுப் பாய் போட்டால் 4 ஆகிவிடும்.

முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி அளந்து இந்த எண்ணைப் போட்டது. 2018இல் அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பு எஃப் 3340 என்ற பொது முறையை வகுத்தது. உறையில் அந்த முறையின் பெயர் இல்லாமல், விலை மலிவான பாயில் பெரிய எண் மட்டும் அச்சிட்டிருந்தால் அதை நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள்.

கொள்முதலில் சோதிக்க வேண்டியவை

துணி: டெனியர் எண்ணைக் கேளுங்கள். நூல் வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 20 டெனியர் துணி மிக மெல்லியது, எடை குறையும், கிழியவும் செய்யும். நமது பகுதிக்கு 40 டெனியருக்குக் குறையாமல் வாங்குவது நல்லது. இன்னும் தடிப்பான அடித்துணி கிடைத்தால் 100 கிராம் கூடினாலும் பரவாயில்லை.

ஒட்டு: ஓரம் நெடுகிலும் ஒரே அகலத்தில் ஒட்டியிருக்க வேண்டும். மூலைகளில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். சுருக்கமோ, கொப்புளமோ இருந்தால் அங்கேதான் முதலில் விடும்.

மூடி: பந்துக்கு ஊதுவதுபோல் சின்னக் குழாயும் அடைப்பானும் உள்ளதை வாங்காதீர்கள். தட்டையாக, உள்ளே போன காற்று திரும்பாதபடி மடல் வைத்த மூடியே வேண்டும். அடைப்பை முழுதாகத் திறந்தால் காற்று ஒரே மூச்சில் வெளியேற வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து நடக்க வேண்டியவருக்குப் பாயைச் சுருட்ட அரைமணி ஆகக் கூடாது.

ஊதும் வழி: நாள் முழுக்க நடந்து வந்தவர் வாயால் ஊதினால் தலை சுற்றும். மூச்சுக் காற்றின் ஈரம் உள்ளே தங்கிப் பூசணமும் பிடிக்கும். காற்றை அள்ளி அமுக்கும் பை ஒன்று கூடவே வருகிற ரகம் நல்லது. காலால் மிதித்து ஊதும் அமைப்பு பாயிலேயே உள்ளதும் வருகிறது. வயதானவர்களுக்கு அது வசதி, எடை சற்றுக் கூடும். மணலும் தூசியும் அந்த வாயில் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளவு: சாதாரணமாக வருவது 6 அடி நீளம், 20 அங்குல அகலம். கடையில் பார்க்கும்போது போதும் என்று தோன்றும். படுத்தால் கை இரண்டும் தரையில் கிடக்கும். உடல்வாகு உள்ளவர்களுக்கு 25 அங்குல அகலம் வேண்டும். உயரம் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பாயில் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, இடுப்புக்கு நேரே பாயின் அடியில் கையை விடுங்கள். இடுப்பெலும்பு கையில் அழுந்தினால் அந்தப் பாய் அவருக்குப் போதாது.

சத்தம்: சில பாய்கள் புரளும்போதெல்லாம் அப்பளம் நொறுங்குவதுபோல் சத்தம் போடும். ஐம்பது பேர் படுக்கும் மண்டபத்தில் பக்கத்தில் உள்ளவர் சண்டைக்கு வருவார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் இரவு சோதனை: வந்த சரக்கில் ஒவ்வொரு பாயையும் ஊதி, மேலே ஒரு 25 கிலோ அரிசி மூட்டையைப் படுக்க வைத்துக் காலையில் பாருங்கள். ஒரு விஷயம் கவனத்தில் இருக்கட்டும். மாலையில் 32 டிகிரியில் ஊதிய காற்று விடியலில் 20 டிகிரிக்கு ஆறும்போது நூற்றுக்கு நாலு பங்கு சுருங்கும். புதுத் துணியும் சற்று நீளும். ஆகவே லேசான தொய்வு ஓட்டையாகாது. மூட்டை தரையைத் தொட்டிருந்தால்தான் அது கழிவு. சோப்பு நுரையைத் தடவினால் ஓட்டையிருக்கும் இடத்தில் குமிழி எழும்பும்.

விற்கும்போது சொல்ல வேண்டியவை

நான்கைந்து வார்த்தைகள் சொல்லி விற்றால் பாதிப் புகார் குறைந்துவிடும். கீழே தார்ப்பாயோ, மெல்லிய ஃபோமோ விரிக்காமல் காற்றுப் பாயைப் போடக் கூடாது. இடத்தைக் கையால் தடவி முள்ளை எடுத்துவிட வேண்டும். விறைப்பாக ஊதாமல் சற்றுத் தளர்வாக ஊதினால் உடம்புக்கும் நல்லது, ஒட்டுக்கும் நல்லது. ஊதிய பாயை வெயிலில் போட்டுவிட்டுப் போனால் உள்ளிருக்கும் காற்று விரிந்து அறைச்சுவர்கள் பிய்ந்து நடுவில் பலூன்போல் புடைத்துவிடும். கொசுவத்திச் சுருளும் ஊதுபத்தியும் நாலடி தள்ளியே இருக்க வேண்டும். நைலான் உடம்பில் ஒட்டி வியர்க்கும், ஆகவே மேலே ஒரு பருத்தி வேட்டியோ துண்டோ விரித்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டை விழுந்தால் சைக்கிள் டியூப்புக்கு ஒட்டும் ரப்பர் சொல்யூஷன் டி.பி.யூ. துணியில் சரியாகப் பிடிக்காது. பாயோடு வரும் ஒட்டுத் துண்டுகளையே பயன்படுத்த வேண்டும். இடத்தைத் துடைத்து, நன்றாகக் காயவைத்து ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டுத் துண்டு இல்லாத பெட்டியைக் கொள்முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரம் வீட்டில் இரண்டு இரவு அதில் படுத்துப் பார்க்கச் சொல்வதும் நமது கடமையாகும். வீட்டில் தெரியும் குறையைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம். நத்தத்தில் தெரிந்தால் நாம் ஒன்றும் செய்ய முடியாது.

பில்லும் லேபிளும்

இந்தச் சரக்கில் பெரும்பகுதி இறக்குமதி. பொட்டலப் பொருள் விதிகள் (2011) படி இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு, மாதம், வருடம், வரி உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்வதற்கான தொடர்பு ஆகியவை உறையில் இருக்க வேண்டும். இவை இல்லாத பெட்டியை மலிவு என்று வாங்கி வைத்தால், சோதனைக்கு வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் குறைபாட்டால் வரும் தீங்குக்கு விற்பவரையும் சில நிலைகளில் பொறுப்பாக்குகிறது. செய்தவர் யாரென்றே தெரியாத சரக்கை விற்றவர் பாடு திண்டாட்டமாகிவிடும்.

வரியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரண மெத்தைகள் ஹெச்.எஸ்.என். 94ஆம் அத்தியாயத்தில் வருபவை. காற்றடைக்கும் மெத்தை அதில் சேராது. பிளாஸ்டிக்கில் செய்தது 39ஆம் அத்தியாயம், ரப்பரில் செய்தது 40, துணியில் செய்தது 63. ஆகவே பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பாய்களுக்கு எண் வேறாக இருக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாற்றப்பட்டிருப்பதால் பழைய பில்லைப் பார்த்துப் போடாமல் உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வாங்கலாம்?

இது மளிகைபோல் தினமும் ஓடும் சரக்கல்ல. பூசம் முடிந்துவிட்டால் அடுத்த தை வரை தூங்கும். பி.வி.சி., டி.பி.யூ. எதுவானாலும் சூடான கிட்டங்கியில் மடித்தபடி வருஷக்கணக்கில் கிடந்தால் ஒட்டு பலவீனமாகும். சிறிய கடைக்கு ஃபோம் பாய் ஒரு டஜன், நல்ல காற்றுப் பாய் மூன்று அல்லது நான்கு போதும். குறைபட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதாகக் கடிதத்தில் எழுதிக் கொடுக்கும் வியாபாரியிடம் மட்டும் வாங்குங்கள். எழுத மறுப்பவருக்குத் தன் சரக்கைப் பற்றித் தெரியும்.

செல்போனில் இதைவிடக் குறைந்த விலை காட்டுகிறதே, நாம் எப்படி நிற்பது என்று கேட்பவர்கள் உண்டு. விலையில் நம்மால் போட்டி போட முடியாதுதான். ஆனால் நமது கடையில் ஒரு பாயை ஊதித் தரையில் போட்டு வைக்கலாம். வருபவர் படுத்துப் பார்க்கலாம். ஓர் இரவு சோதித்த சரக்கு என்று சொல்லிக் கொடுக்கலாம். குறை என்றால் மறுநாள் காலை மாற்றிக் கொடுக்கலாம். வழிநடைக்குப் போகிறவருக்கு இவை சின்ன விஷயங்கள் அல்ல.

மறு வருஷம் அதே ஆச்சி வந்தார். முதல் கேள்வியைக் கேட்டேன். படுக்கையெல்லாம் இந்தமுறை வேனில் வருகிறது என்றார். கோரைப் பாய் ஒன்றும் தார்ப்பாய்த் துண்டு ஒன்றும் கட்டிக் கொடுத்தேன். எனக்கு நின்ற லாபம் 30 ரூபாய். பூசம் முடிந்து பிரசாதப் பஞ்சாமிர்தத்தோடு வந்து, "நல்லாத் தூங்கினேன் தம்பி" என்றார். அந்த வீட்டு மாதச் சாமான் பட்டியல் இன்றைக்கும் நமது கடைக்குத்தான் வருகிறது. அந்த வீட்டுப் பேரன் சென்ற ஆண்டு மலையேறப் போகிறேன் என்று காற்றுப் பாய் கேட்டு வந்தபோது, ஒன்றை எடுத்து ஊதி, அரிசி மூட்டையை ஏற்றி வைத்துவிட்டு, "நாளைக்குக் காலையில வாங்க தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். வந்தார். மூட்டை இறங்கவில்லை. வாங்கிக்கொண்டு போனார்.